அட், ஆன், இன்: காலத்தையும் இடத்தையும் ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மாணவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது பெரிய சொற்களின் பொருளை அல்ல. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 'இங்கே இன்னா, ஆனா?' என்ற கேள்வி இல்லாமல் ஒரு வகுப்பும் முடிந்ததில்லை. அந்தக் கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் வாக்கியங்களையும் ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படியுங்கள். இந்தச் சொற்கள் கண்ணைவிடக் காதில்தான் நன்றாகப் பதிகின்றன.

தமிழில் 'இல்' ஒன்றே போதுமே. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் மூன்று சொற்கள்?

இடத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. காலத்தைப் பொறுத்தவரை உண்மை இல்லை. '5 மணிக்கு வா', 'வெள்ளியன்று வா', 'தை மாதத்தில் வா' என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். '5 மணியில் வா' என்று தமிழ் பேசுகிற யாரும் சொல்லமாட்டார்கள். 'தை மாதத்தன்று' என்றும் சொல்லமாட்டார்கள். கடிகார நேரத்துக்கு 'கு', நாளுக்கு 'அன்று', மாதம், ஆண்டு போன்ற நீண்ட காலத்துக்கு 'இல்' என்று நாமே மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசுவதால் அந்தப் பிரிவு நம் கண்ணில் படுவதில்லை.

ஆங்கிலமும் ஏறக்குறைய அதே மூன்று இடங்களில்தான் பிரிகிறது. 'மணிக்கு' என்று வந்தால் 'அட்': 'அட் ஃபைவ் ஓ'கிளாக்'. 'அன்று' சேர்க்க முடிந்தால் 'ஆன்': 'ஆன் ஃப்ரைடே', 'ஆன் மை பர்த்டே'. மாதம், ஆண்டு, பருவத்தோடு 'இல்' வந்தால் 'இன்': 'இன் ஜனவரி', 'இன் சம்மர்'. பள்ளியில் எங்களுக்கு இதை ஓர் அட்டவணையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நம் வாயிலேயே இந்த விதி இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் பயம் அன்றே தீர்ந்திருக்கும். எனக்கு இந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

ஒரே நிகழ்ச்சியை வைத்து மூன்றையும் காட்ட முடியுமா?

இந்தியா விடுதலை பெற்றதைச் சொல்லிப் பார்ப்போம். ஆண்டை மட்டும் சொன்னால் 'இன் 1947'. மாதத்தைச் சேர்த்தாலும் 'இன் ஆகஸ்ட் 1947'தான். தேதி வந்தவுடன் 'ஆன்' ஆகிவிடும்: 'ஆன் 15 ஆகஸ்ட் 1947'. அந்த நொடியைச் சொல்லும்போது 'அட் மிட்நைட்'. 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் பேசிய நேரு 'அட் தி ஸ்ட்ரோக் ஆஃப் தி மிட்நைட் அவர்' என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். மணி அடிக்கும் அந்தக் கணம் ஒரு புள்ளி. புள்ளிக்கு 'அட்'.

ஆண்டு, மாதம், தேதி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்பார்கள். மிகச் சிறிய அளவைப் பாருங்கள். தேதி இருக்கிறதா? அப்படியானால் 'ஆன்'. மாதமும் ஆண்டும் அதன் பின்னால் சும்மா வந்து நின்றால் போதும்.

இந்த 'கு, அன்று, இல்' வழி எல்லா இடத்திலும் சரிவருமா?

பெரும்பாலும் வரும். சில இடங்களில் காலை வாரிவிடும். அவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

காலையில், மாலையில் என்பதற்கு 'இன் தி மார்னிங்', 'இன் தி ஈவ்னிங்' என்று வழி நேராகப் போகிறது. இரவில் என்றால் மட்டும் 'அட் நைட்'. 'தி' கூட வராது. ஒரு குறிப்பிட்ட இரவின் நடுவே ஏதோ நடந்தது என்றால் 'இன் தி நைட்' வரும். இரவில் விழித்துக்கொண்டேன் என்பதை 'ஐ வோக் அப் இன் தி நைட்' என்பார்கள்.

'வெள்ளிக்கிழமை காலையில்' என்று கிழமையும் பொழுதும் சேர்ந்து வந்தால் கிழமைதான் ஆட்சி செய்யும்: 'ஆன் ஃப்ரைடே மார்னிங்'. இங்கே தமிழின் 'இல்' நம்மை ஏமாற்றிவிடும்.

'அந்த நேரத்தில்', '18 வயதில்' என்பவற்றிலும் 'இல்' இருக்கிறது. ஆனால் இரண்டுமே நீண்ட காலத்தை அளப்பவை அல்ல, ஒரு புள்ளியைச் சுட்டுபவை. ஆகவே 'அட் தட் டைம்', 'அட் தி ஏஜ் ஆஃப் எய்ட்டீன்'.

'பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம்' என்பதில் உள்ள 'கு' வேறு வகை. அது நேரத்தைவிட நோக்கத்தைத்தான் அதிகம் சொல்கிறது. ஆங்கிலத்திலும் அதற்கு 'ஃபார்' உண்டு: 'வீ ஆர் கோயிங் ஹோம் ஃபார் பொங்கல்'. பொங்கலன்று என்றால் 'ஆன் பொங்கல் டே'.

'ஆன் டுமாரோ', 'ஆன் லாஸ்ட் மண்டே' என்று எழுதலாமா?

கூடாது. நாளை, இன்று, நேற்று ஆகியவற்றுக்கு முன்னும், 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்று தொடங்கும் காலச் சொற்களுக்கு முன்னும் எதுவும் வராது. 'ஐ வில் கம் டுமாரோ', 'ஐ மெட் ஹிம் லாஸ்ட் மண்டே'. இன்று காலையில் என்பதற்கு 'திஸ் மார்னிங்' போதும். நேற்று இரவு என்பதை நம் ஊரில் 'யெஸ்டர்டே நைட்' என்கிறோம். 'லாஸ்ட் நைட்' என்பதுதான் இயல்பான வழக்கு.

இதை மறக்காமல் இருக்க ஒரு செய்தி உதவும். 'டுடே', 'டுமாரோ' என்ற சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் 'டு' பழைய ஆங்கிலத்தில் தனியாக நின்ற முன்னிடைச்சொல், அதாவது 'அட்', 'ஆன்', 'இன்' போலப் பெயருக்கு முன் வரும் சிறுசொல். காலப்போக்கில் அது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'டுடே'க்குள் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று எதற்கு?

'பிஃபோர் டூ டேஸ்' என்பதில் என்ன தவறு?

தமிழ் பேசுவோர் ஆங்கிலம் எழுதும்போது நான் அதிகம் திருத்துவது இதைத்தான். 'இரண்டு நாளுக்கு முன் வந்தேன்' என்ற தமிழை அப்படியே மாற்றினால் 'பிஃபோர் டூ டேஸ்' என்று வந்துவிடுகிறது. சரியான வடிவம் 'டூ டேஸ் அகோ'. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ'. அது தமிழின் 'முன்' போலவே கால அளவுக்குப் பின்னால்தான் வரும். அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

'பிஃபோர்' வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு நாளோ நிகழ்ச்சியோ இருக்கவேண்டும்: 'பிஃபோர் மண்டே', 'பிஃபோர் தி எக்ஸாம்'. கால அளவு அங்கே நிற்காது.

எதிர்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. 'இரண்டு நாள் கழித்து வருகிறேன்' என்பதை 'ஐ வில் கம் ஆஃப்டர் டூ டேஸ்' என்று எழுதுகிறோம். இப்போதிலிருந்து எண்ணும்போது ஆங்கிலத்தில் இயல்பானது 'இன் டூ டேஸ்'. நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது 'டூ டேஸ் லேட்டர்' அல்லது 'ஆஃப்டர் டூ டேஸ்' பொருந்தும்.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் எதை எங்கே போடுவது?

தமிழ் உருபைக் கேளுங்கள், அது பதில் சொல்லிவிடும். 'மூன்று ஆண்டுகளாக' என்பதில் 'ஆக' இருக்கிறது, எனவே 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. '2019 முதல்' அல்லது '2019இலிருந்து' என்றால் 'சின்ஸ் 2019'. நீளத்தை அளந்தால் 'ஃபார்', தொடங்கிய இடத்தைக் காட்டினால் 'சின்ஸ்'. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று நம் விண்ணப்பக் கடிதங்களில் வருவது ஐந்து ஆண்டு என்ற நீளத்தைத் தொடக்கப் புள்ளியாக நினைத்துவிடுவதால்தான்.

இங்கே கூடவே இன்னொரு தவறும் வரும். 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் அது நிற்காது. 'ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று 'ஹேவ்' வேண்டும். முன்னிடைச்சொல்லை மட்டும் திருத்திவிட்டு வினையை விட்டுவிட்டால் திருத்தம் பாதியில் நிற்கிறது.

'பை', 'அன்டில்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பினால் வேலையே கெட்டுப்போகும். 'வெள்ளிக்குள் அனுப்புகிறேன்' என்பது 'பை ஃப்ரைடே'. 'வெள்ளி வரை அனுப்புவேன்' என்பது 'அன்டில் ஃப்ரைடே'. முதலாவது ஒரு முறை நடக்கும் செயல், வெள்ளி அதற்குக் கெடு. இரண்டாவது தொடர்ந்து நடக்கும் செயல், வெள்ளியோடு அது நின்றுவிடும். 'ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் படிக்கிறவர் தினமும் ஒரு அறிக்கை வருமா என்று விழிப்பார்.

'கு' உடன் 'உள்' சேரும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. 'வெள்ளிக்குள்' என்பது நாள், எனவே 'பை'. 'ஐந்து நாட்களுக்குள்' என்பது கால அளவு, எனவே 'வித்தின் ஃபைவ் டேஸ்'.

'ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் விடுப்பா, வெள்ளியன்று வேலைக்கு வருவாரா என்ற சந்தேகம் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் வரும். 'ஐ வில் பி பேக் ஆன் மண்டே' என்று திரும்பி வரும் நாளையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் அதில் அடங்கும்.

இடத்துக்கு 'அன்டில்' போடாதீர்கள். 'மதுரை வரை போனேன்' என்பது 'ஐ வென்ட் ஆஸ் ஃபார் ஆஸ் மதுரை'.

'ஆன் டைம்', 'இன் டைம்' இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

ரயில் 6:10க்கு வரவேண்டும், 6:10க்கே வந்தது: 'ஆன் டைம்'. ரயில் கிளம்புவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்: 'இன் டைம்'. குறித்த நேரத்தில், காலம் கடந்துபோவதற்கு முன் என்று தமிழில் பிரித்துக்கொள்ளுங்கள். இதே போல 'அட் தி எண்ட்' என்பது ஒன்றின் கடைசிப் பகுதி: 'அட் தி எண்ட் ஆஃப் தி மந்த்'. 'இன் தி எண்ட்' என்பது 'கடைசியாக ஒருவழியாக' என்ற பொருள் தரும்.

இடத்துக்கு வருவோம். 'இல்' என்று வந்தால் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மனத்துக்குள் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அந்த இடம் எல்லையுள்ள ஒரு வெளியாக, நீங்கள் அதற்குள் இருப்பதாகத் தோன்றினால் 'இன்'. பரப்பாகவோ கோடாகவோ தோன்றினால் 'ஆன்'. அதன் உள்ளும் புறமும் உங்களுக்கு முக்கியமில்லை, வரைபடத்தில் குத்திய ஊசி போன்ற ஒரு புள்ளி என்றால் 'அட்'.

'கடலில்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கடலில் குளிக்கிறார்கள், தண்ணீருக்குள் இருக்கிறார்கள்: 'இன் தி சீ'. படகு கடலில் மிதக்கிறது, நீர்ப்பரப்பின்மேல் இருக்கிறது: 'ஆன் தி சீ'. மீன்பிடிக்கப் போன அப்பா மூன்று நாளாகக் கடலில் இருக்கிறார்: 'அட் சீ'. இங்கே 'தி' இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் மூன்றுக்கும் 'கடலில்'தான். ஆங்கிலத்தில் அந்தச் சிறுசொல்லே யார், எங்கே, எந்த நிலையில் என்று சொல்லிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்தச் சொற்கள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

'ஆன்' கோட்டுக்கும் வரும் என்றேன். திருச்சி காவிரிக் கரையில் இருக்கிறது என்பதை 'திருச்சி இஸ் ஆன் தி காவேரி' என்றால் போதும். 'கரை' என்ற சொல்லே தேவையில்லை, ஊர் ஆற்றுக்குள் இருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். புதுச்சேரி 'ஆன் தி ஈஸ்ட் கோஸ்ட்'.

காலத்துக்கும் இடத்துக்கும் ஏன் அதே மூன்று சொற்கள் என்று வியப்பவர்கள் உண்டு. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்ற உருபைச் சொல்லி, அது வினை நடக்கும் இடம், நிலம், காலம் மூன்றிலும் வரும் என்கிறது. இடத்தைச் சொல்லும் சொல்லாலேயே காலத்தையும் சொல்வது நமக்குப் பழைய வழக்கம்தான்.

பஸ்ஸில் என்றால் 'ஆன் தி பஸ்', காரில் என்றால் 'இன் தி கார்'. ஏன்?

ஏறிய பின் எழுந்து நிற்க முடிகிற, நடக்க முடிகிற வாகனங்களுக்கு 'ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடிகிறவற்றுக்கு 'இன்': கார், டாக்சி, ஆட்டோ. மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவற்றுக்கு மறுபடியும் 'ஆன்': சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை. எதில் வந்தேன் என்று வழியை மட்டும் சொன்னால் 'பை பஸ்', 'பை கார்'. 'பை தி பஸ்' இல்லை. நடந்து வந்தேன் என்பது 'பை வாக்' ஆகாது, 'ஆன் ஃபுட்' அல்லது நேராக 'ஐ வாக்டு'.

ஊர்ப் பெயருக்கு முன் 'அட்' போடலாமா? பழைய கடிதங்களில் 'அட் மெட்ராஸ்' என்று இருக்கிறதே.

இன்றைய வழக்கில் ஊருக்கு 'இன்': 'ஐ லிவ் இன் மதுரை'. தெருவுக்கு 'ஆன்' (பிரிட்டனில் 'இன்' என்றும் சொல்வார்கள்), கதவு எண்ணோடு சேர்ந்த முகவரிக்கு 'அட்'.

பழைய அரசாங்க, நீதிமன்ற ஆங்கிலத்தில் பெரிய நகரங்களுக்கும் 'அட்' வந்தது. 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் முறையான பெயர் இன்றும் 'ஹை கோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர் அட் மெட்ராஸ்'தான். அந்த நடையைப் படித்து வளர்ந்தவர்களின் எழுத்தில் 'அட்' தங்கிவிட்டது. அது பிழை இல்லை, பழைய உடை.

இன்றும் ஒரு நகரம் பயணத்தின் நடுவே ஒரு புள்ளியாக மட்டும் வந்தால் 'அட்' பொருந்தும். ரயில் விழுப்புரத்தில் நிற்கும் என்பதை 'தி ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்' என்கிறோம். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அதே ஊர் 'இன் விழுப்புரம்'.

'ரீச்டு டு மதுரை' சரியா?

இல்லை. 'ரீச்' என்ற வினைக்குப் பின் எதுவும் வராது: 'வீ ரீச்டு மதுரை'. 'அரைவ்' என்ற வினைக்கு வரும். ஊர் என்றால் 'அரைவ்டு இன் மதுரை', நிலையம், கட்டடம் என்றால் 'அரைவ்டு அட் தி ஸ்டேஷன்'. 'அரைவ்டு டு' எங்குமே கிடையாது.

இதற்கும் தமிழில் ஒரு பிடி இருக்கிறது. 'ரீச்' என்பதற்கு 'அடை' என்ற வினையை வைத்துக்கொள்ளுங்கள். மதுரையை அடைந்தோம், இரண்டாம் வேற்றுமை. 'ஐ' உருபு வந்தால் ஆங்கிலத்தில் பெயர் நேராக நிற்கும். 'மேரி' என்ற வினையும் அப்படித்தான். அவளை மணந்தான், எனவே 'ஹி மேரிட் ஹெர்'. நடுவில் 'வித்' வேண்டாம். 'டிஸ்கஸ்' என்றால் 'சிக்கலை விவாதித்தோம்' என்று நினைத்துக்கொள்ளுங்கள், 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பழக்கம் போய்விடும். 'என்டர்' மட்டும் இந்த வழிக்கு வராது. அறைக்குள் நுழைந்தான் என்று நமக்கு 'உள்' வருகிறது, ஆங்கிலத்தில் 'ஹி என்டர்டு தி ரூம்' என்பதோடு சரி.

வீடு தனி. வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு 'ஐ ஆம் கோயிங் ஹோம்'. 'டு' வராது. வீட்டில் இருக்கிறேன் என்றால் 'அட் ஹோம்'. 'இன் ஹோம்' என்று சொல்லாதீர்கள்.

குரங்கு மரத்தில் இருக்கிறது. 'இன்' தானா, 'ஆன்' தானா?

'இன் தி ட்ரீ'. கிளைகளும் இலைகளும் சேர்ந்த அந்தக் கூட்டுக்குள் குரங்கு இருப்பதாகத்தான் ஆங்கிலம் பார்க்கிறது. பறவைக்கும் அதேதான். மாங்காய் மரத்திலேயே காய்ப்பது, அதன் பகுதி, அதற்கு 'ஆன் தி ட்ரீ'. வந்து ஏறியதற்கு 'இன்', அதிலேயே விளைந்ததற்கு 'ஆன்'.

புத்தகம் மேசை மேல், மின்விசிறியும் மேசைக்கு மேல். இரண்டுக்கும் 'ஆன்' போடலாமா?

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. புத்தகத்துக்கு 'மேசை மேல்' என்றீர்கள், மின்விசிறிக்கு 'மேசைக்கு மேல்' என்றீர்கள். அந்தக் 'கு' வந்தவுடன் இரண்டும் ஒட்டவில்லை என்று ஆகிவிடுகிறது. ஒட்டியிருந்தால் 'ஆன்', இடைவெளி இருந்தால் 'அபவ்' அல்லது 'ஓவர்'. விசிறி எதில் தொங்குகிறது என்று கேட்டால், கூரையில் ஒட்டியிருக்கிறது, எனவே 'ஆன் தி சீலிங்'. 'ஆன்' என்றால் மேல்பக்கம்தான் என்று இல்லை. சுவர், கூரை, கன்னம், எந்தப் பரப்பானாலும் சரி.

'ஆப்போசிட் டு தி டெம்பிள்', 'நியர் டு தி ஸ்கூல்' என்று முகவரியில் எழுதுகிறோமே?

இடத்தைச் சொல்லும்போது இரண்டிலும் 'டு' தேவையில்லை: 'ஆப்போசிட் தி டெம்பிள்', 'நியர் தி ஸ்கூல்'. கோயிலுக்கு எதிரே, பள்ளிக்கு அருகே என்ற நம் 'கு' அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. 'நெக்ஸ்ட் டு' மட்டும் 'டு' இல்லாமல் நிற்காது.

'எதிரே', 'முன்னால்' இரண்டையும் நம்மில் பலர் 'ஆப்போசிட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். சாலையின் மறுபக்கம், முகத்துக்கு முகம் பார்த்து இருந்தால் 'ஆப்போசிட்'. வீட்டு வாசலிலேயே ஆட்டோ நின்றால் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் தி ஹவுஸ்'. வழி கேட்டு வருகிறவர் சாலையைக் கடக்கவேண்டுமா என்பது இதில்தான் இருக்கிறது.

செய்தித்தாள், தொலைக்காட்சி, கைபேசி, மாடி, மூலை ஆகியவற்றுக்கு?

செய்தித்தாளில், படத்தில்: 'இன்'. தொலைக்காட்சியில், வானொலியில், தொலைபேசியில், இணையத்தில்: 'ஆன்'. 10ஆம் பக்கத்தில்: 'ஆன் பேஜ் டென்'. இரண்டாம் மாடியில்: 'ஆன் தி செகண்ட் ஃப்ளோர்'. அறையின் மூலை உள்பக்கம் குவிகிறது, எனவே 'இன் தி கார்னர்'. தெருமுனை வெளிப்பக்கம் நீட்டுகிறது, எனவே 'அட் தி கார்னர்' அல்லது 'ஆன் தி கார்னர்'. மழையில், வெயிலில்: 'இன் தி ரெய்ன்', 'இன் தி சன்'. இவற்றைக் காரணம் தேடாமல் அப்படியே பழகிக்கொள்வது நல்லது.

'இன் ஹாஸ்பிட்டல்', 'அட் தி ஹாஸ்பிட்டல்' இரண்டுமே கேட்கிறேன். எது சரி?

பிரிட்டிஷ் வழக்கில் 'ஷி இஸ் இன் ஹாஸ்பிட்டல்' என்றால் அவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். 'ஷி இஸ் அட் தி ஹாஸ்பிட்டல்' என்றால் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். மருத்துவராக இருக்கலாம், யாரையோ பார்க்கப் போயிருக்கலாம். அமெரிக்கர்கள் முதலாவதிலும் 'தி' சேர்ப்பார்கள். ஊரிலிருக்கும் உறவினருக்குச் செய்தி அனுப்பும்போது இந்த வேறுபாட்டை மறக்கவேண்டாம். 'இன் ஹாஸ்பிட்டல்' என்ற ஒரு வரி ஒரு குடும்பத்தையே இரவில் கிளப்பிவிடும்.

'இன் ஆஃபீஸ்' என்பதும் அப்படி ஒன்று. அலுவலகத்தில் இருக்கிறேன் என்பது 'அட் தி ஆஃபீஸ்' அல்லது 'இன் தி ஆஃபீஸ்'. 'தி' இல்லாமல் 'இன் ஆஃபீஸ்' என்றால் பதவியில் இருப்பதைக் குறிக்கும்.

'என்னிடம்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

ஒரு சொல் கிடையாது. நம் 'இடம்' மூன்று நான்கு வேலைகளைச் செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஆங்கிலத்தில் தனி வழி. ரவியிடம் வாங்கினேன்: 'ஃப்ரம் ரவி'. ரவியிடம் கொடுத்தேன்: 'டு ரவி'. ரவியிடம் கேட்டேன்: 'ஐ ஆஸ்க்டு ரவி', எதுவும் வராது. ரவியிடம் சொன்னேன் என்பதில் 'டோல்டு' என்றால் எதுவும் வராது, 'செட்' என்றால் 'டு' வரும். என்னிடம் பணம் இருக்கிறது: 'ஐ ஹேவ் மனி'. 'மனி இஸ் வித் மீ' என்றால் பொருள் விளங்கும், ஆனால் தமிழ் வாடை வீசும்.

வார இறுதியில் என்பதற்கு 'அட் தி வீக்எண்டா', 'ஆன் தி வீக்எண்டா'?

பிரிட்டனில் 'அட்', அமெரிக்காவில் 'ஆன்'. தேர்வு எழுதுகிறவர்கள் தங்கள் பாடநூல் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எழுதட்டும். அமெரிக்க நிறுவனத்தோடு வேலை செய்கிறவர் 'ஆன்' என்று எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை.

'ட்வைஸ் எ டே' என்பதில் முன்னிடைச்சொல்லே இல்லையே?

இருந்தது. அந்த 'எ', பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்ற சொல் தேய்ந்து வந்தது. 'அஷோர்', 'அலைவ்', 'அஸ்லீப்' போன்ற சொற்களின் முதல் எழுத்தும் அதே 'ஆன்'தான். 'ஒரு நாளைக்கு இரண்டு முறை' என்ற நம் 'கு' செய்யும் வேலையை அது செய்கிறது. மருந்துச் சீட்டைப் படிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று ஆசிரியர் சொன்னார். 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' தவறா?

தவறில்லை. ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1672இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் நடையில் இதை ஒரு குறையாகச் சுட்டினார். பிற்கால இலக்கண நூல்கள் அதை விதியாகவே ஆக்கிவிட்டன. பேச்சு ஆங்கிலம் அந்த விதிக்குக் கட்டுப்பட்டதே இல்லை. 'ஃப்ரம் வேர் ஆர் யூ?' என்று கேட்டால்தான் காதுக்கு உறுத்தும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். 'ஐ ஆம் ஃப்ரம் தஞ்சாவூர்' என்றால் தஞ்சாவூர் உங்கள் சொந்த ஊர். 'ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் தஞ்சாவூர்' என்றால் இப்போதுதான் அங்கிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறீர்கள்.